அண்ணன் சாப்பிட்ட மாத்திரையின் கதை

போன மாதம் பழைய துறைமுகத்து டாலி கிளார்க்குகளைப் பற்றி எழுதியபோது என் பெரியண்ணனைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். "கடைசிக் காலத்துல அவிய எப்படி இருந்தாவ?" என்று இரண்டு மூன்று பேர் போனில் கேட்டுவிட்டார்கள். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நம் வயதுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று அதில் இருப்பதால் எழுதுகிறேன்.

அண்ணன் 1959-ல் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கெல்லாம் தோணியில்தான் போகும், வரும். தோணியில் ஏறும் மூட்டைகளை எண்ணி நோட்டில் நாலு கோடு போட்டு, ஐந்தாவதற்குக் குறுக்கே ஒரு கோடு இழுப்பது அண்ணன் வேலை. காலையில் நாலு மணிக்கு எழுந்து, கடுங்காப்பி குடித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். 1961-ல் முத்துக்குளிப்பு நடந்தபோது சிப்பியை எண்ணிக் குவித்து ஏலம் விடுவதைக் காட்ட என்னைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். எனக்கு அப்போது 12 வயது. அதற்குப் பிறகு நம் கடலில் அப்படி ஒரு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1974-ல் புதுத் துறைமுகம், இன்றைய வ.உ.சி. துறைமுகம், பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல்கள் பெர்த்திலேயே வந்து கட்டின. அண்ணன் எண்ணிக்கொண்டே இருந்தார். 1996-ல் ஓய்வு பெற்றார்.

2008 வாக்கில் மறதி ஆரம்பித்தது. முதலில் சாவி, பிறகு பேரன் பெயர், பிறகு வீட்டுக்கு வரும் தெரு. அறளை பெயர்ந்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். ஆஸ்பத்திரியில் டிமென்ஷியா என்றார்கள். மதினி ஆறு வருஷம் பார்த்துக்கொண்டார். "உங்க அண்ணன் நாலு மணிக்கு எந்திச்சு வேலைக்குப் போணும்ங்காவ, கதவைத் திறக்கலைன்னா அடிக்க வாறாவ" என்று அழுவார். மதினிக்கும் சர்க்கரை, கால் புண். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். 2014-ல் வெளியூரில் ஒரு இல்லத்தில் அண்ணனைச் சேர்த்தோம்.

இரண்டு மாதம் கழித்து நான் போனபோது வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சத்தம் இல்லை, சண்டை இல்லை. வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. கையைப் பிடித்தால் மரக்கட்டை மாதிரி விறைப்பு. ஒரு வாய் கஞ்சி விழுங்குவதற்குள் மூன்று தடவை இருமினார். "இப்ப ரொம்ப அமைதியாயிட்டாங்க சார்" என்று அங்கிருந்த பெண் சந்தோஷமாகச் சொன்னார். பொய் சொல்லவில்லை, அவருக்கு அது நல்ல செய்திதான். ராத்திரி முப்பது பேருக்கு இரண்டே பேர். மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஹாலோபெரிடால். பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் டாக்டர் இல்லை. நாற்பது வருஷம் கணக்கு எழுதியவன்.

கதை சாயப்பட்டறையில் தொடங்குகிறது. 1876-ல் ஜெர்மனியில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கண்டுபிடித்தார்கள். பருத்தித் துணிக்கு அடிக்கும் நீலம். அந்தச் சாயத்தின் மூலக்கூறை ஆராய்ந்தபோது பீனோதயாசின் என்ற பொருள் கிடைத்தது. அதன் வம்சத்தில் வந்த ஒன்றை 1950 டிசம்பரில் பிரான்சின் ரோன் பூலாங்க் கம்பெனியில் பால் ஷார்பான்டியே என்ற வேதியியலாளர் உருவாக்கினார். அதுதான் குளோர்ப்ரோமசின். நம் தலைமுறையில் ஆஸ்பத்திரி வேலை பார்த்தவர்களுக்கு லார்காக்டில் என்றால் உடனே தெரியும்.

அதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கத் தூண்டியவர் மனநல மருத்துவர் அல்ல. ஆன்ரி லபோரி என்ற கடற்படை அறுவை மருத்துவர். ஆபரேஷன் அதிர்ச்சியைக் குறைக்க மருந்து தேடிக்கொண்டிருந்தவர் அவர். இந்த மருந்து போன நோயாளிகள் தூங்கவில்லை. விழித்துக்கொண்டே, எதைப் பற்றியும் கவலைப்படாமல் கிடந்தார்கள். அதை அவர் கவனித்துச் சொன்னார். 1952-ல் பாரிசின் சாந்த் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்ற இரண்டு மருத்துவர்கள் மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். வருஷக்கணக்கில் கத்திக்கொண்டும் கட்டப்பட்டும் கிடந்தவர்கள் உட்கார்ந்து பேசினார்கள்.

இங்கே நம் ஊர் வேர் ஒன்றையும் சொல்ல வேண்டும். சர்ப்பகந்தி. 1931-லேயே கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், பைத்தியத்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அது கேட்கிறது என்று எழுதினார்கள். 1949-ல் பம்பாய் ருஸ்தம் ஜால் வக்கீல் ரத்தக் கொதிப்பு பற்றி இங்கிலாந்துப் பத்திரிகையில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிஸ் கம்பெனி சீபா அந்த வேரிலிருந்து ரெசர்பின் எடுத்தது. 1954-ல் அமெரிக்காவில் அதை மனநோய்க்குப் பயன்படுத்தினார்கள். கொஞ்ச காலம் லார்காக்டிலும் சர்ப்பகந்தியும் போட்டி போட்டன. லார்காக்டில் ஜெயித்தது. நம் வேர் ரத்தக் கொதிப்பு மாத்திரையாகச் சில காலம் ஓடி ஓய்ந்தது.

இந்த மருந்துகளைக் குறை சொல்லும் முன், இவை வருவதற்கு முன் என்ன இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. சங்கிலிதான் இருந்தது. இருட்டறை, குளிர்ந்த தண்ணீர், கட்டில் கம்பியில் கட்டிவைப்பது, இவ்வளவுதான் வைத்தியம். சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் அங்கே பொறுப்பிலிருந்து 1978-ல் ஓய்வு பெறும் வரை, வெளிநோயாளிப் பிரிவையும், பகலில் வந்து போகும் சிகிச்சையையும் வளர்த்தார். ஆட்களை அடைத்துவைக்கும் இடம் ஆஸ்பத்திரியாக மாறியது. மருந்து இல்லாமல் அது நடந்திருக்காது. 1984-ல் அவர் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு இன்று சென்னையில் மறதி நோயாளிகளுக்கும் தனிப் பிரிவு நடத்துகிறது.

ஆனால் சங்கிலி நம் கடற்கரையை விட்டுப் போய்விட்டதா? 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை. இங்கிருந்து வடக்கே, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். தர்காவுக்கு நம்பிக்கையோடு கொண்டுவந்து விட்டுப்போன மனிதர்கள். தர்காவின் மேல் குற்றம் இல்லை. சுற்றிலும் முளைத்த காப்பகங்கள் செய்த வேலை அது. ஒரே வாரத்தில் காப்பகங்களையெல்லாம் மூடி ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அன்றைக்குப் பேப்பர் படித்துவிட்டு அண்ணன், "ஒரு மாத்திரை குடுத்திருந்தா கட்டிப்போட வேண்டிய அவசியமே இல்லையேல" என்றார். அதை இப்போது நினைத்தால் என்னவோ செய்கிறது.

ஹாலோபெரிடால் 1958-ல் வந்தது. பெல்ஜியத்தில் பால் யான்சன் கண்டுபிடித்தது. லார்காக்டிலை விடச் சின்ன அளவிலேயே வேலை செய்யும், விலையும் குறைவு. மூளையில் டோபமின் என்ற ரசாயனம் செய்யும் வேலையை இது தடுக்கிறது. இல்லாத குரல் கேட்கிறவருக்கு அந்தத் தடுப்பு நிவாரணம். ஆனால் கைகால் அசைவுக்கும் அதே டோபமின்தான் வேண்டும். அதனால்தான் விறைப்பு, நடுக்கம், எச்சில், விழுங்க முடியாமை. வயதான மூளையில் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் வரும். மறதியை இந்த மாத்திரை ஒரு துளி கூடக் குறைக்காது.

மனநோய்க்கு என்று வந்த மருந்து வயோதிகர்களிடம் எப்படிப் போனது? மறதி நோய் முதலிலிருந்தே மறதிக்காக மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்த நோய் இல்லை. 1901-ல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து ஆஸ்பத்திரிக்கு அகுஸ்தே என்ற 51 வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். புருஷன் ரயில்வே குமாஸ்தா. அவரால் வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியவில்லை. சந்தேகம், கூச்சல், வீடெல்லாம் அலைச்சல். அங்கே அவரைக் கவனித்த மருத்துவர்தான் அல்சைமர். அந்த அம்மா இறந்த பிறகு 1906-ல் மூளையைப் பரிசோதித்துச் சொன்னதுதான் அவர் பெயரில் இன்று இருக்கும் நோய். வீட்டுக்காரர்களை உடைத்துப்போடுவது மறதி அல்ல, கூச்சலும் அலைச்சலும் ராத்திரி முழிப்பும்தான். மதினியைக் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்.

அந்த இடத்தில் மருந்துக் கம்பெனிகள் நுழைந்தன. குளோர்ப்ரோமசினுக்கு அமெரிக்காவில் வந்த பழைய விளம்பரம் ஒன்றில் ஒரு கிழவர் கைத்தடியை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். இந்த மாத்திரை கொடுத்தால் அடங்குவார் என்பது செய்தி. 1965-க்குப் பிறகு அரசாங்கப் பணம் வர ஆரம்பித்ததும் அங்கே முதியோர் மருத்துவ இல்லங்கள் புற்றீசல் மாதிரி பெருகின. ஆள் குறைவு, மாத்திரை மலிவு. 1975-லேயே அமெரிக்க செனட் துணைக்குழு ஒன்று இதைக் கண்டித்து அறிக்கை கொடுத்தது. 1987-ல் சட்டம் வந்தது: ஊழியர்களின் வசதிக்காகவோ தண்டனையாகவோ மருந்தால் யாரையும் கட்டிவைக்கக் கூடாது. மருந்தால் கட்டுவது என்று சட்டத்திலேயே எழுதினார்கள்.

2005 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இன்னும் கடுமையாகப் பேசியது. மறதி நோயாளிகளிடம் நடந்த 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சுமார் பத்து வாரத்தில், இந்த வகைப் புது மருந்துகளைச் சாப்பிட்டவர்களில் 4.5 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.6 சதவீதம். பெரும்பாலும் இருதயம், இல்லாவிட்டால் நிமோனியா. 2008-ல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் அதே எச்சரிக்கையைப் போட்டார்கள். அண்ணன் கஞ்சி குடிக்கும்போது இருமியது எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது. எச்சரிக்கை வந்து ஆறு வருஷம் கழித்து அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

2009-ல் இங்கிலாந்து அரசாங்கத்துக்குப் பேராசிரியர் சுபே பானர்ஜி கொடுத்த அறிக்கையில் இருந்த கணக்கு: வருஷத்துக்கு 1,80,000 மறதி நோயாளிகளுக்கு இந்த மருந்து கொடுக்கப்படுகிறது. ஓரளவு பலன் கிடைப்பது 36,000 பேருக்கு. கூடுதலாகச் சாகிறவர்கள் 1,800 பேர். அறிக்கை வந்ததும் அங்கே ஒழுங்காகக் கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். 2006-ல் மறதி நோயாளிகளில் 17 சதவீதம் பேருக்குப் போய்க்கொண்டிருந்த மருந்து 2011-ல் 7 சதவீதமாகக் குறைந்தது.

அமெரிக்காவிலும் ஒவ்வொரு இல்லத்திலும் எத்தனை பேருக்கு இந்த மருந்து என்று கணக்குக் கேட்டார்கள். சீசோஃப்ரெனியா என்ற மனச்சிதைவு நோய் உள்ளவர்களை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். உடனே பல இல்லங்களில் எண்பது வயதுக் கிழவர்களுக்கெல்லாம் புதிதாக மனச்சிதைவு நோய் வந்துவிட்டது! அரசாங்கத் தணிக்கையிலேயே இது வெளிவந்தது. படித்தபோது சிரித்துவிட்டேன். துறைமுகத்தில் வேலை பார்த்த எவனுக்கும் இது புதிதில்லை. மூட்டை குறைந்தால், தேடுவதை விட்டுவிட்டுச் சீட்டைத் திருத்துகிற ஆட்களை அண்ணன் காலத்திலிருந்து பார்க்கிறோம்.

நான் படித்ததில் என்னைத் தூக்கிப்போட்டது நார்வேயில் நடந்த ஒரு ஆய்வு. 2011-ல் வெளிவந்தது. 18 இல்லங்களில், கத்துகிற, அடிக்க வருகிற, அலைகிற 352 மறதி நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மீதிப் பேருக்கு வலி மருந்து முறையாகக் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வெறும் பாராசிட்டமால்தான். எட்டு வாரத்தில் வலி மருந்து சாப்பிட்டவர்களின் ஆர்ப்பாட்டம் 17 சதவீதம் குறைந்தது. மூட்டு வலிக்கிறது என்று சொல்ல வார்த்தை கிடைக்காத மனிதர், தொட வந்தவரைத் தள்ளிவிட்டிருக்கிறார். நாம் அதற்கு மூர்க்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். வலி மட்டும் இல்லை. மலச்சிக்கல், மூத்திரத்தில் கிருமி, காதில் அழுக்கு, பல், பசி, குளிர், மூக்குக்கண்ணாடி எங்கோ தொலைந்துபோனது, இவற்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் என்று 2023-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. பெரும்பாலானவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். கோவாவில் 81 குடும்பங்களை வைத்து ஒரு சோதனை செய்து 2008-ல் வெளியிட்டார்கள். சாதாரணப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் வீட்டுக்குப் போய், எப்படிப் பேசுவது, எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். டாக்டர் தேவைப்பட்டால் மட்டும். அதிலேயே பார்த்துக்கொள்கிறவர்களின் மனச்சுமை குறைந்தது. மதினிக்கு அப்படி ஒரு ஆள் மாதம் ஒருமுறை வந்திருந்தால் போதும் என்று இப்போது தோன்றுகிறது. நாங்கள் போனில்தான் ஆறுதல் சொன்னோம்.

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 95-ஆம் பிரிவில் யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது. ஏர்வாடிக்குப் பதினாறு வருஷம் கழித்து. 97-ஆம் பிரிவு, யாரையும் தனியறையில் அடைக்கவே கூடாது, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி மட்டும் ஒருவரைக் கட்டிப்போடவும் கூடாது என்கிறது. நல்ல வரிகள். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது உடம்பைக் கட்டுவது பற்றி. மாத்திரையால் கட்டுவது பற்றி அதில் இல்லை. நம் கரையில் கள்ளத்தோணியில் ஏற்றப் பதுக்கிய மாத்திரைகளைப் பிடித்தால் பேப்பரில் படத்தோடு வருகிறது. இல்லங்களில் ராத்திரி எட்டு மணிக்குத் தட்டில் வரும் மாத்திரையை யாரும் எண்ணுவதில்லை.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். மதினியிடம் சொல்லிவிட்டு, வேறொரு டாக்டரிடம் அண்ணனைக் காரில் கூட்டிப்போனேன். அவர் முதலில் என்னைத்தான் எச்சரித்தார்: "நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்தினாலும் ஆபத்து." சிலருக்கு இது தேவைப்படும், பயங்கரமான உருவங்கள் தெரிகிறவர்களுக்கும் பிறரை உண்மையிலேயே காயப்படுத்துகிறவர்களுக்கும் குறைந்த அளவில், கொஞ்ச நாளைக்குக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். பிறகு அண்ணனின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மூத்திரப்பை நிரம்பிக் கல் மாதிரி இருந்தது. புராஸ்டேட் வீக்கம். நாலு மணிக்கு எழுந்து கதவைத் திறக்கச் சொன்னது பாதி அதற்காக. மீதிப் பாதி முப்பத்தேழு வருஷப் பழக்கம். ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு, வீக்கத்துக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். ஆறு வாரத்தில் ஹாலோபெரிடாலைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம்.

எச்சில் நின்றது. கை இளகியது. என்னை அடையாளம் தெரியவில்லை, "நீ எந்தத் தோணி?" என்று கேட்டார். சத்தமும் திரும்ப வந்தது, மறைக்க மாட்டேன். சில நாள் கெட்ட வார்த்தை. ராத்திரி வேலைக்கு வரும் திருச்செந்தூர்ப் பக்கத்து ஆயா ஒருத்திதான் வழி கண்டுபிடித்தாள். நாலு மணிக்கு அவரோடு சண்டை போடாமல், "வாங்க தாத்தா, காப்பி குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்று கூட்டிப்போய் பாத்ரூம் காட்டி, கடுங்காப்பி கொடுத்து, ஒரு நோட்டும் பென்சிலும் கையில் கொடுப்பாள். நோட்டு நான் வாங்கிக்கொடுத்தது. வராந்தா விளக்கடியில் உட்கார்ந்து நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று விடியும்வரை போட்டுக்கொண்டிருப்பார். 2017 ஆவணியில் தூக்கத்தில் இறந்தார். நோட்டுகள் மூன்று என்னிடம் இருக்கின்றன.

எனக்கு இப்போது 75 தாண்டிவிட்டது. போன வாரம் பீரோ சாவி ஒரு நாள் முழுக்கக் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலமே ஒரு தாள் எடுத்தேன். வைத்தியம் எப்படி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்து வைக்க 2017 சட்டத்தில் வழி இருக்கிறது. அதைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம். இது என் மகனுக்கும், பிற்பாடு என்னைப் பார்த்துக்கொள்ளப் போகும் யாரோ ஒருவருக்கும். ஐந்து மணிக்கு எழுந்துவிடுவேன், படுக்கச் சொல்ல வேண்டாம். காப்பிக்குச் சர்க்கரை கிடையாது. வலது முழங்காலில் வலி உண்டு, நான் கத்தினால் முதலில் அதைப் பார்க்கவும். புது மாத்திரை ஏதாவது ஆரம்பித்தால், எதற்கு, எத்தனை நாளைக்கு என்று டாக்டரிடம் எழுதி வாங்கவும். இடது காது கேட்காது, வலது பக்கம் வந்து பேசவும்.